தீர்ப்புக்கு வழங்கும் இரு பெயர்கள்

டென்மார்க்கிலும் நோர்வேயிலும் நீதிமன்றத் தீர்ப்பை ‘டொம்’ என்னும் குறுஞ்சொல்லால் வழங்குவர். ஆயினும், மன்றம் கூறும் ஒவ்வொரு முடிவும் ‘டொம்’ ஆகிவிடாது. வழக்கின் மூலப் பிணக்கைத் தீர்த்துவைப்பதே ‘டொம்’. கடன் இறுக்கப்பட வேண்டுமா, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா என்னும் வினாக்களுக்கு அது விடை கூறும்.

வழக்கினிடையே எழும் பிரச்சினைகள் பலவற்றிற்கு வேறொரு வகை முடிவு அளிக்கப்படும். சந்தேகநபரை விளக்கமறியலில் வைக்கும் கட்டளை அத்தகையது. அதனை டேனிய மொழியில் ‘கெனெல்ஸெ’ என்பர். நோர்வேயிலும் அச்சொல்லே சற்று ஒலிமாறி வழங்குகின்றது. அறிதல் எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்த சொல் அது. டேனியத் தீர்ப்புகளின் முடிபுரைக்கு முன் நெடுங்காலமாக எழுதப்பட்டுவரும் “ஆதலின் நீதியென அறியப்படுகின்றது” என்னும் கருத்துடைய தொடரிலும் அவ்வினையே அமைந்துள்ளது.

இவ்வேறுபாடு வெறும் பெயரளவினதன்று. டென்மார்க்கில் குடியியல் வழக்கொன்றின் ‘டொம்’மை எதிர்த்து மேன்முறையீடு செய்யப் பொதுவாக 4 வார அவகாசம் உண்டு, ‘கெனெல்ஸெ’க்கோ 2 வாரமே. முறையீட்டின் பெயரும் வேறு: முன்னையது ‘அங்கெ’, பின்னையது ‘கேரெ’. நோர்வேயிலும் இத்தகைய இரு பெயர்கள் இருந்தன. 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய குடியியல் வழக்குச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது.

ஆகவே, டென்மார்க்கில் மன்றத்தின் முடிவைக் கையிற் பெற்றவர் முதலில் நோக்கவேண்டியது அதன் தலைப்பையே. ‘டொம்’ என்றெண்ணி மூன்று வாரம் வாளாவிருந்தவர், அது ‘கெனெல்ஸெ’யாயின், முறையிடும் உரிமையையே இழக்க நேரிடும்.