கிளட்ச் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய செலவு செய்யும் முன் எக்ஸெல் தொகுப்பில் பத்து நிமிடம் கணக்குப் போட்டால் எவ்வளவு மிச்சம் என்பது தெரிவதில்லை. இந்த மாதம் வேகமான கார் ஒன்றுக்குக் கிளட்ச் தேர்ந்தெடுக்கும் கணக்கைப் பார்ப்போமா?

காருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு. 2004ல் இந்தியாவில் அறிமுகமான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர் டர்போ இஞ்சின், 150 குதிரைசக்தி, 210 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்பதை இஞ்சினின் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அதிலுள்ள புரோகிராமை மாற்றினால் டார்க் 300 வரைகூட ஏறலாம். சாப்ட்வேர் மாறிவிட்டது, கிளட்ச் மாறவில்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு புதிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கதைதான்.

எங்கள் ஊர் சாணார்பட்டியில் என் சித்தப்பா மகனிடம் இப்படி மாற்றிய கார் இருக்கிறது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். "அண்ணே, இருப்பதிலேயே பெரியதைப் போடச் சொல்கிறார்கள்" என்றான். "முதலில் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுடா" என்றேன்.

எக்ஸெல்லில் செய்யும் முறை

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். பி1 முதல் பி4 வரையுள்ள செல்களில் இவற்றை டைப் செய்யுங்கள்:

பி1: உராய்வு எண். சாதாரண ஆர்கானிக் பிளேட்டுக்கு 0.3 எனலாம்.
பி2: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, நியூட்டனில். மாதிரிக்கு 5000.
பி3: சராசரி ஆரம், மீட்டரில். உராயும் பரப்பின் வெளி விட்டம் 228 மி.மீ., உள் விட்டம் 150 மி.மீ. என்றால் 0.0945.
பி4: உராயும் பக்கங்கள். ஒரு பிளேட்டுக்கு 2.

பி5 செல்லில் சமக்குறி போட்டு இந்த நான்கையும் பெருக்குங்கள். விடை 283.5. இவ்வளவு நியூட்டன் மீட்டர் வரை இந்தக் கிளட்ச் தாங்கும். பி6ல் இஞ்சினின் டார்க்கைக் கொடுத்து, பி7ல் பி5ஐ பி6ஆல் வகுங்கள். சாலையில் ஓடும் காருக்கு இந்த விடை 1.2 முதல் 1.5 வரை இருப்பது நல்லது.

இப்போது பி6ல் 210 கொடுங்கள், 1.35 வரும். 300 கொடுங்கள், 0.945! ஒன்றுக்குக் கீழே போனால் வழுக்கும். குதிரைசக்தி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கைத்தான்.

மூன்று வழிகள்

பி2ஐ 7000 ஆக்கினால் 1.32 கிடைக்கும். ஆனால் மற்ற அமைப்பு மாறாவிட்டால் பெடலும் 40 சதவீதம் கனமாகும். பி1ஐ 0.4 ஆக்கினால், அதாவது செராமிக் போன்ற பிளேட் போட்டால், 1.26. இது சூட்டைத் தாங்கும். ஆனால் ஹாஃப் கிளட்சில் நகர விடாமல் வெடுக்கென்று பிடிக்கும். இரட்டை பிளேட் போட்டால் பி4 நான்காகி 1.89 வரும், விலையும் அதிகம்.

தம்பி தினமும் நத்தம் சாலையில் திண்டுக்கல் போய் வருகிறான். ஞாயிறுகளில் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள். டிராக் பந்தயம் வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான். எனவே அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக் பிளேட்டும் போதும் என்று முடிவு செய்தோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அடுத்தடுத்து வேகமாகக் கிளம்பினால் பிளேட் சூடேறி உராய்வு எண் குறையும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆற விட வேண்டும். வாரந்தோறும் பந்தயம் ஓடுபவர் செராமிக் பக்கம் போகலாம்.

பெரியதாகப் போட்டால் என்ன என்கிறீர்களா? ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது போலத்தான். வழுக்காத கிளட்ச் அதிர்ச்சி முழுவதையும் கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் அனுப்பிவிடும். அடுத்து உடைவது அவைதான்.

உயிர் முக்கியம்

கிளட்சும் ஃபிளைவீலும் டிரைவரின் கால் அருகே நிமிடத்துக்கு ஆறாயிரம் முறைக்கு மேல் சுழலக்கூடியவை. வெடித்தால் துண்டுகள் தோட்டாபோல் பாயும். பந்தயத்துக்கு வாங்கும்போது அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 1.1 தரச் சான்று உண்டா என்று பாருங்கள்.

நத்தம் சாலை பந்தயத் தடமல்ல. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். 402 மீட்டர் டிராக் ஓட ஆசையிருந்தால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற தடத்தில், முறையாக நடக்கும் போட்டியில் ஓடுங்கள்.

இந்த ஃபைலைச் சேமித்து வையுங்கள். கடைக்குப் போனதும் அழுத்தும் விசை எவ்வளவு, பிளேட் அளவு என்ன, உராய்வு எண் என்ன என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.