தொன்மக் கதையும் ஆட்டக்காரர் தீர்ப்பும்

உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்களை வகுத்தோதிய தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டினையும் ஒருங்கு வைத்து எண்ணினார். விளையாட்டு என்பது சிறுவர்க்கே உரியது, பொழுதுபோக்கின்பாற்பட்டது எனப் பிற்காலத்தார் கொண்ட கருத்து அப்பேராசிரியர்க்கு உடன்பாடன்று என்பது இதனாற் பெறப்படும். ஒரு மக்கட் கூட்டத்தின் தொன்மக் கதைகள் கோயிலிலும் ஏட்டிலும் வாழ்வது போலவே ஆடுகளத்திலும் வாழ்கின்றன. கோயிலில் அவற்றை வழிபடுவோர் உளர். ஏட்டில் அவற்றை ஆராய்வோர் உளர். ஆடுகளத்தில் அவற்றை ஆடுவோர் என்ன கருதுகின்றனர் என்பதோ பெரும்பாலும் வினவப்படாத வினாவாகவே இருந்து வருகின்றது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் தம்முட் சந்திக்கும் எல்லையில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் கொக்கிளாய். அதன் களப்பு 1951ஆம் ஆண்டிற் பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்ட சிறப்புடையது. அங்கிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர் நந்திக்கடலையும் அதன் கரையிற் கோயில் கொண்டுள்ள வற்றாப்பளைக் கண்ணகியம்மனையும் அடைவர். வைகாசி விசாகத்தையொட்டி நிகழும் அக்கோயிற் பொங்கல் வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான விழாவாகும்.

அக்கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் கதை யாவரும் அறிந்ததே. மதுரையை எரித்தபின் ஈழம் போந்த கண்ணகி, ஒரு மூதாட்டியின் வடிவில் நந்திக்கடற் கரையில் வந்திருந்தாள். ஆங்கு மாடு மேய்த்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவர் அவளுக்குக் குடில் அமைத்துப் பொங்கலும் பொங்கினர். விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என அவர்கள் தயங்கியபோது, கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் பணித்தாள், விளக்கும் எரிந்தது. தலையிற் பேன் பார்க்கும்படி அவள் கேட்கப் பார்த்த சிறுவர், அத்தலை முழுவதும் கண்களாயிருத்தலைக் கண்டு வியந்தனர். பின்னர் அவள் மறைந்தாள். இன்றும் முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரைக் கொண்டு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, அதன்பின் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்லும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தெய்வம் தன்னை வெளிப்படுத்தியது அரசர்க்கும் அன்று, புலவர்க்கும் அன்று, விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்க்கே ஆம். கண்ணகி வழிபாட்டிற்கும் விளையாட்டிற்கும் இடையேயுள்ள உறவு, கொக்கிளாய்க்குத் தெற்கே அதே கிழக்குக் கரை வழியாக மட்டக்களப்புக்குச் செல்வார்க்கு மேலும் தெளிவாகப் புலப்படும். அங்குக் கண்ணகியம்மன் கோயில்களைச் சார்ந்து ஆடப்பட்டுவரும் கொம்புமுறி விளையாட்டே அதற்குச் சான்று.

கொம்புமுறியில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பகுதியினராகப் பிரிவர். முன்னையது கோவலன் பக்கம். பின்னையது கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த மரத்தின் வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பிணைத்து, இருசாராரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றோர் தோற்றோரை எள்ளிப் பாடுதலும் ஆட்டத்தின் ஓர் உறுப்பேயாகும். சிங்கள மக்கள் இதனையே அங்கெலிய என்னும் பெயரால் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடினர். கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கச் சென்றவிடத்து அவர்தம் கொக்கத்தடிகள் தம்முட் சிக்கிக்கொண்டன என்றும், அவற்றை விடுவித்தற்கு இருவர் பக்கத்தும் ஆட்கள் சேர்ந்து இழுத்தமையே இவ்விளையாட்டின் தொடக்கம் என்றும் கதை கூறுவர். சிலப்பதிகாரத்தில் இந்நிகழ்ச்சி இல்லை. ஏடு கூறாததனை ஆடுகளம் கூறுகின்றது.

இவ்வாட்டம் பற்றி ஆடினோரும் கண்டோரும் கொண்ட கருத்துக்கள் ஒருதன்மையன அல்ல. மழை வேண்டியும் அம்மை முதலிய நோய் நீங்கவும் செய்யும் வழிபாடு என்பர் ஒருசாரார். ஊரின் இரு பகுதியும் வலிமை காட்டும் போட்டி என்பர் வேறொரு சாரார். கண்டி நாட்டிற் சிறையிருந்து தப்பிச் சென்று 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், வளைந்த தடிகளைக் கொளுவி இழுக்கும் இவ்வாட்டம் நாட்டின் நோய் தீர்க்கும் வழிபாடாக மக்களால் மகிழ்ந்து ஆடப்பட்டதனையும், வென்றோர் கூறிய இடக்கர்ச் சொற்களையும், அரசன் அதனைத் தடை செய்தமையையும் ஒருங்கே குறித்துள்ளார். அரசன் தடுத்த பின்னரும் இவ்விளையாட்டு நூற்றாண்டுகள் கடந்து வாழ்ந்தது. அதனை வாழ்வித்தது ஆட்டக்காரரின் விருப்பமன்றிப் பிறிதன்று.

இனி, இதே வினாவை இக்காலக் கணினி விளையாட்டுக்களிடத்து வைத்து நோக்குதல் பயனுடைத்து. யப்பான் நாட்டவர் தம் தொன்மக் கதைகளை இவ்வகை விளையாட்டுக்களில் மிகுதியாக அமைத்துள்ளனர். அவற்றுள் தளந்தாவு விளையாட்டு என்பது ஒருவகை. திரையிற் காணும் உருவமொன்று மேடையிலிருந்து மேடைக்குத் தாவியும், பள்ளங்களைக் கடந்தும், பகையை வென்றும் முன்னேறுதலே அதன் இயல்பு. நின்டெண்டோ நிறுவனம் 1988இல் யப்பானில் வெளியிட்ட சுப்பர் மாரியோ பிறதேர்ஸ் 3 இவ்வகையிற் புகழ்பெற்றது. பழைய விளையாட்டுக்களின் பரும்புள்ளிச் சித்திரங்களையும் எளிய இசையையும் வேண்டுமென்றே மேற்கொண்டு இன்று புதியன செய்வோரும் பலராவர்.

மேற்கூறிய விளையாட்டில், இலையொன்றைப் பெற்ற மாரியோவுக்கு விலங்கின் காதும் வாலும் முளைக்கின்றன. தனுக்கி உடையை அணிந்தாலோ, அவன் பறப்பதோடு கற்சிலையாகவும் மாறவல்லவனாகின்றான். தனுக்கி என்னும் காட்டு விலங்கு தலைமேல் இலையை வைத்து உருமாற வல்லது என்னும் நாட்டுப்புற நம்பிக்கையை அறிந்த யப்பானியச் சிறுவர்க்கு இது வியப்பளிக்கவில்லை. அச்சிலையும் வழிப்போக்கரைக் காக்கும் ஜிசோ என்னும் போதிசத்துவரின் சிலையே. அக்கதையை அறியாத பிறநாட்டுச் சிறுவரோ காரணம் விளங்காமலே ஆடினர். ஆயினும் மகிழ்ந்தே ஆடினர். தாவுதல் கைக்கு வசமாயிருத்தலும், விழுந்தால் அது தன் பிழையே என ஆடுவோன் உணர்தலும் அவ்வகை விளையாட்டின் நீதியாகும். அந்நீதி குறைவின்றி அமைந்தமையால், கதை அறியாமை இன்பத்துக்கு ஊறு செய்யவில்லை.

2006இல் வெளிவந்த ஓக்காமி என்னும் விளையாட்டு தளந்தாவு வகையினதன்று. எனினும் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. கப்கொம் நிறுவனத்தைச் சார்ந்த குளோவர் கலையகம் அதனைச் செய்தது. அமத்தெரசு என்னும் ஞாயிற்றுத் தெய்வம் அதில் வெண்ணிற ஓநாயாகத் தோன்றுகின்றது. காட்சிகள் மைத்தூரிகை ஓவியம் போல்வன. ஆடுவோன் இருண்ட வானிலே தூரிகையால் ஒரு வட்டம் வரைந்தால் ஞாயிறு தோன்றும். எண்டலைப் பாம்பினை மது ஊட்டி மயக்கி வெல்லும் பழங்கதையும் அதில் ஆடுவோன் செய்யும் செயலாக அமைந்துள்ளது. ஆய்வாளர் அதனை மிகப் புகழ்ந்தனர். தொடக்கத்தில் உரையாடல் நீண்டது, போர் எளிது எனக் குறை கூறினோரும் இருந்தனர். விற்பனையோ எதிர்பார்த்த அளவினதாகவில்லை. அக்கலையகமும் 2007இல் மூடப்பட்டது. ஆயினும் ஆடினோரின் அன்பு குன்றாமையால் அவ்விளையாட்டு பிற்காலத்திற் பல கருவிகளுக்கு மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. 2024ஆம் ஆண்டு அதன் தொடர்ச்சியும் அறிவிக்கப்பட்டது.

இவற்றை ஒப்பிட்டு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தொன்மக் கதை ஒரு விளையாட்டில் இருவகையாக இடம்பெறலாம். ஒன்று, கதை மேற்பூச்சாக நிற்றல். மற்றொன்று, கதையே ஆட்டத்தின் விதியாதல். தெய்வத்தின் உருவத்தைத் திரையில் எழுதி, பெயரையும் சூட்டிவிட்டு, ஆட்டத்தை வேறெங்கோ கண்டபடி அமைத்தால் அது மேற்பூச்சு. வட்டம் வரைய ஞாயிறு எழுதலும், கொளுவிய கொம்புகளை ஊரார் இழுத்தலும் கதை விதியானமைக்கு எடுத்துக்காட்டுக்கள். முன்னையதில் ஆட்டக்காரன் கதையைப் பார்க்கின்றான். பின்னையதில் அதனைச் செய்கின்றான். செய்தது மறப்பதில்லை. ஆதலின், விளையாட்டைப் பற்றி ஆடினோர் கூறும் புகழும் பழியும், கதை எந்த அளவுக்கு ஆட்டத்தோடு ஒன்றியது என்பதற்கு அளவுகோலாகவும் கொள்ளத்தக்கன.

இவ்வளவுகோல் வெறும் சுவையாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. கொம்புமுறி போன்ற விளையாட்டுக்கு இரு பகுதியாகப் பிரிதற்குரிய ஓர் ஊர் வேண்டும். முறை சொல்லித்தரும் முதியோரும் பாட்டறிந்தோரும் வேண்டும். கொக்கிளாய் மக்கள் 1984ஆம் ஆண்டில் தம் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தபின்னரே மீள்குடியேற்றம் கைகூடிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவ்வூர்க்குரிய பிள்ளைகள் பிற ஊர்களிற் பிறந்து, பிற முற்றங்களில் விளையாடி வளர்ந்தனர். வீட்டை மீளக் கட்டலாம். வலையை மீளப் பின்னலாம். ஒரு தலைமுறை ஆடாது விட்ட விளையாட்டினை ஏட்டைக் கொண்டு மீட்டல் அரிது. அதனோடு ஒட்டிய கதையும் ஆடுவாரற்று, கேட்பார்க்கு மட்டுமே உரியதாய் மெலியும்.

யப்பானியர் தம் இலையையும் ஓநாயையும் உலகச் சிறுவர் கையிற் கொடுத்தவாறே, வன்னி இளைஞரும் தம் கதைகளைக் கணினித் திரையிற் கொணர்தல் இயல்வதே. கல்லூரிகளிற் கணினி பயிலும் மாணவர்க்கு எளிய தளந்தாவு விளையாட்டொன்றை இயற்றுதற்குரிய கருவிகள் இன்று எட்டும் நிலையிலேயே உள்ளன. ஆயின் கண்ணகியின் உருவத்தை வரைந்துவிட்டாற் கதை வந்துவிட்டது எனக் கருதலாகாது. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் கடல்நீர் நிறைந்த விளக்கை ஏந்தி, நீர் சிந்தாமல் மேட்டுக்கு மேடு தாவி, கரையினின்று கோயில்வரை அதனை அணையாது கொண்டு செல்லல் வேண்டும் என விதி அமையுமாயின், வற்றாப்பளைக் கதை ஆங்கே விதியாகும். நீர் சிந்தி விளக்கு அணையும்போதெல்லாம் ஆடும் பிள்ளை கரைக்கு மீண்டு மறுபடியும் நீர் முகக்கும். எண்ணெயின்றி எரிந்த விளக்கின் அருமையை அப்பிள்ளைக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்விளையாட்டு நன்றோ தீதோ என்னும் தீர்ப்பினையும் அப்பிள்ளையே கூறும்.