எளியோர்க்கு ஏற்ற மலைச் சைக்கிள்

சென்ற ஆண்டு மழைக்காலங் கழிந்த சில நாட்களில், நம் கல்லூரி விடுதி மாணவர் ஒருவர் கையில் ஒரு படத்துடன் என்னிடம் வந்தார். அப்படத்தில் முன்னும் பின்னும் சுருள்வில் பூண்டு, செந்நிறமுங் கருநிறமுமாய் மின்னும் மலைச் சைக்கிள் ஒன்று காணப்பட்டது. "ஐயா, இரண்டாண்டாய் மாலை வேளைகளிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பன்னீராயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். இவ்வண்டியை வாங்கலாமா?" என்று கேட்டார். யான் விடை கூறுமுன் என் இடக்கை மணிக்கட்டை நீட்டிக் காண்பித்தேன். அது சிறிது கோணியிருப்பதை அவர் நோக்கினார்.

அதன் வரலாறு இது. பல ஆண்டுகளுக்கு முன் யானும் அத்தகைய வண்டியொன்றைக் கண்டு மயங்கி வாங்கினேன். அதன் நிறை 19 கிலோ. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்கு அதனைக் கொண்டுபோய், ஏறும்போது பெரும்பாலும் தள்ளிக்கொண்டே சென்றேன். இறங்குகையில், 18 கொண்டை ஊசி வளைவுகளிற் பாதியைக் கடந்த நிலையில், முன் பிரேக்குக் கம்பி தன் பிடியினின்றும் நழுவிற்று. வண்டியைப் பூட்டிக் கொடுத்தவர் அக்கம்பியின் திருகாணியை முடுக்க மறந்திருந்தார். யானோ அதனைச் சோதித்துப் பார்த்தவனல்லேன். சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றேன். சுவரில்லாத வளைவாயிருந்திருப்பின் இதனை எழுத யான் இருந்திரேன். ஆதலின், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக்கொண்டு மலைச் சைக்கிள் வாங்க விரும்பும் வாலிபர்க்குப் பயன்படுமென்று, அம்மாணவரிடம் அன்று கூறியவற்றை இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகின்றேன்.

மலைச் சைக்கிள் பிறந்த வரலாறு

இவ்வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருளாய்ப் பிறந்ததன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்து மாரின் ஜில்லாவில் வாழ்ந்த இளைஞர் சிலர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயருள்ள கனமான சைக்கிள்களைப் பழம்பொருட் கடைகளிற் சிறு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டனர். அவற்றைத் தள்ளிக்கொண்டோ மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டோ மலைமேற் கொண்டுபோய், மண்பாதை வழியே கீழே ஓட்டி மகிழ்ந்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பேர்பாக்ஸ் என்னும் ஊருக்கருகே அவர்களுடைய முதற் பந்தயம் நிகழ்ந்தது. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக்கே அவ்வண்டிகளில் இருந்தமையால், ஒருமுறை இறங்குவதற்குள் பின்சக்கர அச்சிலுள்ள மசகு வெந்து புகையாய்ப் போய்விடும். பின்னர் அதனைப் புதிதாய் அடைக்கவேண்டும். மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் 'ரீபேக்' என்னும் பெயரே அப்பாதைக்கு நிலைத்துவிட்டது.

அவ்விளைஞருள் ஜோ பிரீஸ் என்பவர் 1977-ஆம் ஆண்டு இதற்கென்றே புதுச் சட்டம் ஒன்றைக் கட்டினார். கேரி பிஷரும் சார்லி கெல்லியும் 1979-ஆம் ஆண்டு மலைச் சைக்கிள் விற்குந் தொழிலைத் தொடங்கினர். 1981-ஆம் ஆண்டு 'ஸ்டம்ப்ஜம்பர்' என்னும் வண்டி பெருந்தொகையாய்ச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் மலைச் சைக்கிளோட்டம் ஒலிம்பிக் பந்தயங்களில் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருத்தில் இருத்தத்தக்கது ஒன்றுண்டு. அதிர்ச்சி தாங்கும் முன் போர்க்கு, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்குங் கவையில் வில்லோ காற்றோ அமைத்த ஏற்பாடு, 1990-ஆம் ஆண்டை ஒட்டியே கடைகளுக்கு வந்தது. அதற்கு முன் ஏறத்தாழப் பதினைந்தாண்டுக் காலம் மலைகளில் ஓடியவர் அனைவரும் வில்லின்றியே ஓடினர். ஆகவே, சுருள்வில் இருந்தால்தான் அது மலைச் சைக்கிள் என்று எண்ணுவது பிழை.

பணம் செல்லவேண்டிய இடங்கள்

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. பன்னீராயிரம் ரூபாய் உடையவர், இரண்டாயிரத்தை முதலில் தனியே எடுத்துவைக்க வேண்டும். தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டுஞ் சாமான், திருகாணி முடுக்குஞ் சாவிகள் ஆகியவை இத்தொகைக்குரியவை. இவற்றைப் பின்னர் வாங்கலாம் என்பவர் பெரும்பாலும் வாங்குவதில்லை.

எஞ்சிய பதினாயிரத்திற் கிடைக்கும் வண்டியில் யாதொன்று இருக்கலாகாது என்பதை முதலிற் கூறுவேன். பின்சக்கர வில் இருக்கலாகாது. நல்ல பின்வில் மிகுந்த விலையுடையது. மலிவு வண்டியிற் பூட்டப்படுவதோ வெறுஞ் சுருள். அது மிதிக்குந்தோறும் அமுங்கி நம் பலத்தை விழுங்குவதோடு, அதன் மூட்டுகள் விரைவில் தேய்ந்து ஆடத் தொடங்கும். மலிவான முன்வில்லும் அத்தன்மையதே. அதன் நிறை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. அமுங்கிய சுருளை மெல்ல மீளச்செய்யும் எண்ணெய் அமைப்பு அதில் இல்லாமையால், கல்லில் ஏறியதும் துள்ளும். வில்லில்லாத போர்க்கின் நிறையோ ஒரு கிலோவை ஒட்டியது. அதனிற் பழுதாகத்தக்க பாகமும் இல்லை. வில்லுக்கு விடுக்கும் பணத்தை வேறிடத்திற் செலவிடுதலே நன்று.

அவ்வேறிடங்கள் நான்கு. முதலாவது, சட்டத்தின் அளவு. வண்டியின் நடுக்குழாய்க்கு இருபுறமுங் கால் ஊன்றி நிற்கையில், உடலுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டங்குலமாவது வெளியிருக்கவேண்டும். மேடு பள்ளத்தில் திடீரென இறங்க நேர்வோர்க்கு இது இன்றியமையாதது. தம்பியும் பின்னர் ஓட்டட்டும் என்றோ, இன்னும் வளர்வேன் என்றோ பொருந்தா அளவை வாங்குதல் தகாது. அளவு பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாயினும் நட்டமே.

இரண்டாவது, பிரேக்கு. தட்டைப் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக்கு, சக்கரவிளிம்பு சேறாகும் மழைக்காலத்தில் உதவுவது. எனினும் மிக மலிந்த டிஸ்க்கைவிட, விளிம்பைப் பற்றும் நல்ல வி-பிரேக்கு உறுதியாய் நிறுத்தும். கட்டை தேய்ந்தாற் சிறு செலவில் எவ்வூரிலும் மாற்றலாம்.

மூன்றாவது, சக்கரமும் டயரும். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றினால் விளிம்பு இடவலமாய் அசையாமல் ஓடவேண்டும். ஆரக்கம்பிகள் யாவும் ஒத்த முறுக்குடையவாய் இருத்தல் வேண்டும். டயர் இரண்டங்குல அகலத்திற்குக் குறையாமல் இருப்பின், அதனுள் அடைபட்ட காற்றே செலவற்ற வில்லாய் உதவும்.

நான்காவது, கியர். 21 கியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு வியக்கவேண்டாம். அவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்தவை. ஏற்றத்திற்கு உதவும் மிகத் தாழ்ந்த கியர் எது என்பதே கேள்வி. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள சாதாரணச் சைக்கிளிற் பெடலை ஒருமுறை சுற்றினால், வண்டி ஐந்து மீட்டருக்கு மேற் செல்லும். முன்னே 24, பின்னே 28 பல்லுள்ள மலைச் சைக்கிளிலோ ஏறக்குறைய 1¾ மீட்டரே செல்லும். தூரங் குறைந்த அளவுக்கு மிதிக்கும் பாரமுங் குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் நெஞ்சு வலிக்காமற் செல்வதற்குரிய இரகசியம் இதுவே.

பழைய வண்டி

அதே பதினாயிரத்திற்கு, இருமடங்கு விலையுடையதாயிருந்த பழைய வண்டி கிடைப்பதும் உண்டு. அவ்வாறு வாங்குவோர் சட்டத்தின் பற்றுவைத்த மூட்டுகளில் மயிரிழைபோன்ற பிளவு உளதா என்று பகல் வெளிச்சத்தில் நோக்கவேண்டும். பெடல் பூண்ட கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆடுமாயின் உள்ளே குண்டுகள் தேய்ந்துள்ளன. செயினை அளந்தறிய ஓர் அளவுகோல் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்துநான்காம் ஆணியின் நடுவரை சரியாய்ப் பன்னிரண்டங்குலம் இருக்கவேண்டும். அங்குலத்திற் பதினாறிலொரு பங்கு மிகுந்திருப்பின் செயினை மாற்றவேண்டும். அதனினும் மிகவே நீண்டிருப்பின் பற்சக்கரங்களுந் தேய்ந்திருக்கும். அச்செலவை விலையிற் கழித்துக்கொள்ளல் முறை.

வீடு சேருமுன் செய்யவேண்டுவன

கடையிற் பூட்டிய வண்டியைக் கண்மூடி நம்பலாகாது என்பதை என் மணிக்கட்டு எனக்குக் கற்பித்தது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுகப் பற்றிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்; அது தனியே திரும்புமாயின் முடுக்கவேண்டும். பிரேக்குப் பிடிகள் இரண்டையும் முழுப்பலத்தோடு பத்துமுறை அழுத்துங்கள்; கம்பி நழுவுவதாயின் அங்கேயே நழுவட்டும். முன் போர்க்குப் பின்புறமாய்த் திருப்பிப் பூட்டப்பட்டிருத்தலும் உண்டு. அதன் வளைவு முன்னோக்கியிருக்கின்றதா என்று காண்க. இடப்புறப் பெடலின் மரை மற்றத் திருகாணிகளுக்கு எதிர்த்திசையில் அமைந்தது. இதனை அறியாமல் வலிந்து முடுக்குவோர் கிராங்கைக் கெடுப்பர். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆரக்கம்பிகள் தளர்வது இயல்பு. அப்பொழுது சக்கரத்தை ஒருமுறை நேர்செய்வித்தால் நெடுநாள் உழைக்கும்.

ஓட்டும் முறை

இனிக் கூறுவன யாவும் விலையின்றிக் கிடைப்பவை. முதலிற் சீட்டை அமைத்துக்கொள்ளவேண்டும். குதிகாலைத் தாழ்ந்த பெடலில் வைக்கும்போது கால் நேராய் நீளுமாயின், முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அதுவே தக்க உயரம். செங்குத்தான இறக்கத்திற்கு முன் அதனை இரண்டு மூன்றங்குலந் தாழ்த்துதல் நலம்.

ஏறும்போது, ஏற்றந் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறிவிடவேண்டும். பாரம் ஏறியபின் மாற்றினாற் செயின் முரலும், சிலவேளை அறும். சீட்டின் முன்நுனியில் அமர்ந்து மார்பைத் தாழ்த்தினால், பின்சக்கரம் பிடிப்பை இழவாது, முன்சக்கரமும் மேலெழாது.

இறங்கும்போது சீட்டினின்றும் எழுந்து, இரு பெடலையுஞ் சமமட்டத்தில் நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி நிற்கவேண்டும். அப்போது நம் கைகால்களே வில்லாகின்றன. கடையில் விற்கும் எச்சுருளும் இவற்றுக்கு நிகராகாது. பார்வை சக்கரத்தின்மேல் அன்றி, பத்துப் பதினைந்து அடி முன்னே செல்லவேண்டும்; விரைவு மிகுமளவு இன்னுந் தொலைவிற் செல்லவேண்டும். கண் சென்ற வழியே வண்டி செல்லும். குழியையே உற்று நோக்குபவர் குழியிலேயே விழுவர்.

பிரேக்கைப் பற்றி மாணவரிடையே ஒரு தவறான அச்சம் உண்டு. முன்பிரேக்கைத் தொட்டாற் குப்புற விழுவோம் என்று எண்ணிப் பின்பிரேக்கையே நம்புகின்றனர். நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பகுதி முன்பிரேக்கினிடமே உளது. உடலைப் பின்னே சாய்த்து, ஒன்றிரண்டு விரலால் மெல்லமெல்ல அழுத்தினால் அது நம்மைத் தள்ளாது. விரைவை வளைவுக்கு முன்னரே குறைத்தல் வேண்டும். வளைவினுள் இறுகப் பிடிப்போர் சரளையிற் சறுக்குவர்.

காற்றின் அளவும் கவனிக்கத்தக்கது. தார்ச்சாலைக்கு 45 பவுண்டு அளவில் வைத்த காற்றை, கல்லும் மண்ணுமான பாதைக்கு 30 பவுண்டு அளவிற்குக் குறைத்தால், டயர் தரையைத் தழுவி ஓடும். மிகக் குறைத்துவிடின் டியூபு கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு துளை காணும். நம் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் இவற்றினுங் கொடியது சீமைக்கருவேல முள். முள்வெட்டிய இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்வதே அறிவு. பாதையில் எதிர்ப்படும் ஆடுமாடுகளுக்கும் விறகு சுமப்போர்க்கும் நாமே ஒதுங்கி வழிவிடக் கடமைப்பட்டிருக்கிறோம். பாதை முன்னரே அவர்களுடையது.

முடிவுரை

அம்மாணவர் படத்திலிருந்த வண்டியை வாங்கவில்லை. மூன்று கடை ஏறியிறங்கி, வில்லில்லாததும் விளிம்புப் பிரேக்குடையதுமான இரும்புச் சட்ட வண்டியொன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினார். விடுதியில் ஒரு மாதம் சிலர் அதனை எளிதாய்ப் பேசினரென்று பின்னர் அறிந்தேன். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவருஞ் சிறுமலைக்குச் சென்றோம். வழியில் நான்குமுறை இளைப்பாறினாலும், ஓரிடத்திலும் தள்ளாமல் உச்சிவரை அவர் மிதித்தே ஏறினார். இறங்கத் தொடங்குமுன் யான் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவராகவே வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, முன் பிரேக்குக் கம்பியின் திருகாணியை ஒருமுறை முடுக்கிப் பார்த்து, அதன்பின் என் வண்டியினதையும் முடுக்கிப் பார்த்தார்.