வெயிலில் உழைப்போருக்குத் தர்பூசணி நீர்

பங்குனி பிறந்ததும் தர்பூசணி வண்டிகள் கிராமங்களுக்குள் வரத் தொடங்கிவிடுகின்றன. திண்டிவனம் வட்டாரத்திலோ நிலத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் களைத்தவர் ஒரு கீற்றுத் தின்றவுடன் தெளிவடைவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆயினும், பொழுது முழுதும் கரும்பு வெட்டுவோருக்கும் மண் சுமப்போருக்கும் பழம் மட்டும் போதாது.

வியர்வை உப்புக் கரிப்பது யாவரும் அறிந்ததே. ஆளுக்கு ஆள் வேறுபடினும், ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் வெளியேறுகிறது; சிறிது பொட்டாசியமும் போகிறது. தர்பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு நீர். 100 கிராம் பழத்தில் சுமார் 110 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சோடியமோ இல்லையென்றே சொல்லலாம். அக்குறையைத் தீர்ப்பது நம் அடுக்களை உப்பேயாகும்.

குடலில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே உட்செல்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. இதனை விஞ்ஞானி ராபர்ட் கிரேன் 1960-ல் விளக்கினார். 1971-ல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொண்டு காலரா நோயாளிகள் பலரைக் காப்பாற்றியதும் இந்நியதியைக் கொண்டேயாகும்.

பழத்தை அறுக்குமுன் தோலை நன்றாகக் கழுவ வேண்டும். இல்லையேல் தோலிலுள்ள அழுக்கு கத்தியோடு உள்ளே சென்றுவிடும். விதை நீக்கிய சதையை மத்தால் கடைந்து வடிகட்டினால் சாறு கிடைக்கும். மிக்சி தேவையில்லை. அரை லிட்டர் சாற்றுடன் காய்ச்சி ஆறிய நீர் அரை லிட்டர், ஓர் எலுமிச்சம்பழச் சாறு, தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலக்கவும். கல்லுப்பாயின் பொடித்த பின்னரே அளக்க வேண்டும். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை; அரை லிட்டர் சாற்றிலேயே சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. வெயிலில் சாறு விரைவில் கெடுமாதலால், பழத்தை முழுதாகவே வயலுக்குக் கொண்டுசென்று, அங்கே நிழலில் கடைந்து உடனே அருந்துவது சிலாக்கியம். பழம் கிடைக்காத நாளில் உப்பிட்ட மோரில் ஒரு வாழைப்பழத்தைக் கடைந்து கொள்ளலாம்.

இது தண்ணீருக்கு மாற்று அன்று. கடும் வேலையின்போது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டும். இடையிடையே இதனை அருந்தலாம். வயிற்றுப்போக்குக்கு இது ஆகாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் உப்பு, சர்க்கரைப் பொட்டலமே உரியது. சிறுநீரக நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேலைத்தலத்தில் ஒதுங்க மறைவிடமில்லாமையால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். எத்தனை குடம் பானம் வைத்தாலும் அவர்கள் தொடமாட்டார்கள். நான்கு கம்பும் ஓலைத் தட்டியும் கொண்டு ஒரு மறைப்பு அமைப்பது பெருஞ்செலவன்று. பானைக்கு முன் அதைச் செய்யுங்கள்.

வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறித் தடுமாறினால் வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறி, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றலாகாது.