தோட்டத்தில் கெமரா: எடுப்பவர் உரிமையும் நிற்பவர் உரிமையும்

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒளிப்பட வரலாற்றில் பெரிய பெயர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கெமராவோடு தொடங்கியவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை சொற்பம். அவற்றிலும் பலவற்றில், படத்தில் நிற்பவர் யார் என்ற குறிப்பு இல்லை. பின்னால் வந்த தபாலட்டைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அதே கதைதான். மலையகத்துப் பெண் சிரிப்பார், கூடை தெரியும், பெயர் இராது.

இப்போது லயத்துப் பிள்ளைகளின் கையிலேயே கெமரா இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய டிஜிட்டல் கெமரா, இல்லாவிட்டால் கைத்தொலைபேசி. எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஆட்கள் உண்டு. எடுத்த படத்தால் என்ன உரிமை வருகிறது, என்ன வில்லங்கம் வருகிறது என்று சொல்பவர்கள்தான் குறைவு.

மலையில் கொழுந்து பறிப்பவரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அன்றைய நிறை குறைந்தால் அவருக்கு அரைப்பெயர்தான், அதாவது அரைநாள் கூலி. “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்று நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கொழுந்து. வீதியோரத்தில் படத்துக்குக் காசு கேட்கும் பெண்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நிற்பதற்கும் கூலி கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. நிறுத்து முடிந்த பிறகு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துப் பக்கம் போய்ப் பேசினால் அவருக்கும் வசதி, உங்களுக்கும் வசதி. உச்சி வெயிலில் தலைத்துணியின் நிழல் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். மடுவக் கூரையின் விளிம்பில் நிற்கச் சொன்னால் வெளிச்சம் மென்மையாக விழும். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியிடுவதற்குச் சம்மதமா என்பதைத் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் படம் எடுக்கச் சம்மதித்தவர் முகநூலில் போடவும் சம்மதித்தார் என்று ஆகாது. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும்.

தேயிலை மலையும் தொழிற்சாலையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள இடங்கள். அங்கே படம் எடுக்க முகாமையாளரின் அனுமதி தேவை. எடுக்காதே, வெளியே போ என்று அவர் சொல்லலாம். ஆனால் கெமராவைப் பறிக்கவோ, படங்களை அழிக்கும்படி மிரட்டவோ துரைக்கும் காவலாளிக்கும் அதிகாரம் கிடையாது. இழுபறிப்படாமல் வெளியே வந்து பொலிஸில் முறையிடுங்கள். பொலிஸாரே கெமராவை எடுத்துக்கொண்டால் அதைப் பதிவு செய்து பற்றுச்சீட்டு தரும்படி கேளுங்கள்.

இனி அழகுக்காக அல்லாமல் ஆதாரத்துக்காக எடுக்கும் படம். மலையகத்தில் கெமராவுக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை என்பது என் எண்ணம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மத்திய மலைநாடு முழுக்க மண்சரிவு. சரிவுக்கு முன் பல இடங்களில் நிலம் அறிகுறி காட்டும்: சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர்.

அந்த வெடிப்பைப் படம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் லயம் முழுதும் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று. பிறகு எந்தச் சுவர் என்று அடையாளம் தெரிய ஒன்று. கடைசியாக வெடிப்புக்குப் பக்கத்தில் அடிமட்டத்தையோ பத்து ரூபாய்க் குற்றியையோ வைத்து நெருக்கத்தில் ஒன்று. அளவு காட்டாத வெடிப்பு படத்தில் வெறும் கோடு. ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வெடிப்பு விரிந்தால் இரண்டு படமும் சேர்ந்து அதைச் சொல்லும். லயன் காம்பரா இருட்டாக இருக்கும். பிளாஷ் போட்டால் ஈரச்சுவர் பளபளத்து வெடிப்பு மறைந்துபோகும். கதவைத் திறந்து வைத்து, கெமராவை நிலைப்படியில் ஊன்றி, ஐஎஸ்ஓ அளவை 1600 வரை கூட்டுங்கள். வெளியே பனிமூட்டம் என்றால் கெமரா வெள்ளையைப் பார்த்து ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தானில் ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும். குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர் பூக்கும். துடைக்காதீர்கள், கெமராவைப் பையில் வைத்து மூடியபடியே சற்று நேரம் விடுங்கள்.

திகதியைப் பார்க்க மறக்க வேண்டாம். பெட்டரி செத்துக் கிடந்த பழைய கெமராக்களில் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். ‘2008 ஜனவரி 1’ என்று பதிவான வெடிப்பை எந்த அதிகாரி நம்புவார்?

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம், சம்பவ நேரத்தில் இயந்திரத்தால் பதிவானவற்றை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. அதில் கை வைத்து மாற்றியிருக்கக் கூடாது. எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், நிறம் மாற்றாதீர்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரம் பற்றிய விவரமும் கழன்றுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தோட்ட நிர்வாகம் மூன்றுக்கும் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்பமிட்ட பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் இடம் ஆராயப்பட்டதா, அறிக்கை என்ன சொல்கிறது என்று அரச நிறுவனத்திடம் கேட்கலாம். சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ ஊற்று கலங்கினாலோ படமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

உயிராபத்து வேறு வழியிலும் வரும். நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில் மிதிபலகையில் தொங்கிச் செல்பி எடுப்பது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. பாறையும் கம்பமும் பெட்டிக்கு எவ்வளவு நெருக்கமாக வரும் என்பது வெளியே எட்டிப் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. தண்டவாளத்தில் நடப்பதும் சட்டப்படி குற்றம். தேயிலைச் செடிகளுக்குள் நுழையுமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் குளவிக்கூடு எங்கே என்று கேளுங்கள். கொட்டு வாங்கினால் 1990 அம்புலன்ஸ். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளும் அனுமதியும் உண்டு.

நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும். உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். பெயர் போடும்படி கேட்பதும் உரிமையே. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்தது மட்டும் பொதுவாக முதலாளிக்குப் போகும். யாராவது திருடிப் போட்டால் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமை முறைப்பாடு செய்து நீக்கச் சொல்லலாம், மூலக் கோப்பு கையில் இருந்தால்.

உங்களுடைய அந்தரங்கப் படத்தை ஒருவர் பரப்பினாலோ, பரப்புவேன் என்று மிரட்டினாலோ காசு கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். செய்தியை அழிக்காமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து, கணக்கின் பெயரையும் இணைப்பையும் குறித்து வையுங்கள். தொந்தரவு செய்யும் நோக்கில் ஒருவரின் அந்தரங்கப் படத்தை வெளியிடுவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றம். கருத்துச் சுதந்திரத்தை அது நெரிக்கிறது என்ற விமர்சனம் நியாயமானதே. அதற்காக இந்த வாசலைத் தட்டாமல் இருக்க வேண்டியதில்லை. இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101, பெண்களுக்கு 1938, பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லும் உரிமை உங்களுக்குண்டு. விளங்காத சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளக்கும்வரை ஒப்பமிடாதீர்கள். வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.