இசட் புள்ளியும் உயர்தரப் பெறுபேறுகளும்

இசட் புள்ளி என்பது இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் அடிப்படையில் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்யப் பயன்படுத்தப்படும் புள்ளியியல் அளவீடு ஆகும். பெறுபேறு வெளியாகும்போது ஒவ்வொரு பாடத்திற்கும் ஏ, பி, சி, எஸ் என்னும் சித்தித் தரங்கள் தரப்படுகின்றன. அவற்றுடன் நான்கு தசமதானங்களில் ஒரு இசட் புள்ளியும் தரப்படுகின்றது. வீட்டாரும் அயலவரும் முதலில் கேட்பது சித்தித் தரத்தையே. ஆனால் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளியே. மூன்று பாடங்களிலும் ஏ பெற்ற ஒருவருக்குக்கூட விரும்பிய கற்கைநெறி கிடைக்காமற் போகலாம். இது ஏன் நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொண்டால், பரீட்சைக்குப் பின் மாணவர் படும் கவலைகளில் எது பயனுள்ளது, எது வீணானது என்பதைப் பிரித்தறியலாம்.

பரீட்சையின் அமைப்பு

உயர்தர மாணவர் ஒருவர் தாம் தெரிவு செய்த துறைக்குரிய மூன்று பிரதான பாடங்களுக்குத் தோற்றுகின்றார். உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், வணிகம், கலை ஆகியன நீண்டகாலமாக உள்ள துறைகள். தொழினுட்பத் துறை 2013ஆம் ஆண்டில் பாடசாலைகளில் அறிமுகமானது. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் போன்ற பாடங்களில் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. அதற்கு இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாள் அமைப்புக் கட்டுரை வினாக்களையும் கட்டுரை வினாக்களையும் கொண்டது; அதற்கு மூன்று மணித்தியாலம். பிரதான பாடங்களுக்கு மேலதிகமாகப் பொது ஆங்கிலமும், எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஒரு பொது வினாத்தாளும் உண்டு. இவை இசட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தியாகிய எஸ் பெற்றிருக்க வேண்டும். பொது வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளிகள் தேவை. இவை விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகின்றன. தகுதி பெறுவோரின் தொகை இருக்கும் இடங்களைவிட எப்போதும் அதிகம் என்பதால், அவர்களை வரிசைப்படுத்த வேறொரு அளவுகோல் தேவைப்படுகின்றது.

மொத்தப் புள்ளிகள் கைவிடப்பட்டமை

முன்னர் நான்கு பாடங்களில் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகையே தெரிவுக்கு அடிப்படையாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் பாடங்களின் எண்ணிக்கை மூன்றாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் பரீட்சை முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறையை முன்வைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில்.

கூட்டுத்தொகை முறையில் ஒரு குறைபாடு இருந்தது. எல்லாப் பாடங்களும் ஒரே அளவு கடினமானவை அல்ல. ஒரு பாடத்தில் 70 புள்ளி எடுப்பது பலருக்கு இயலுமானதாகவும், இன்னொரு பாடத்தில் அதே 70 மிகச் சிலருக்கே எட்டுவதாகவும் இருக்கலாம். கலைத்துறை, வணிகத்துறை போன்றவற்றில் மாணவர் வெவ்வேறு பாடச் சேர்க்கைகளைத் தெரிவு செய்வதால் இந்த வேறுபாடு மேலும் பெரிதாகின்றது. புள்ளிகளை அப்படியே கூட்டினால், இலகுவான பாடத்தைத் தெரிந்தவர் நன்மையடைவார். கடினமான பாடத்தைத் தெரிந்தவர் பின்தள்ளப்படுவார்.

கணிக்கப்படும் முறை

இசட் புள்ளி ஒரு மாணவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைக் காட்டுவதில்லை. அதே பாடத்திற்கு அந்த ஆண்டில் தோற்றிய ஏனையோருக்கு மத்தியில் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே காட்டுகின்றது. முதலில் ஒரு பாடத்திற்குத் தோற்றிய அனைவரின் புள்ளிகளிலிருந்தும் இடையும் நியம விலகலும் கணிக்கப்படும். மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்திற்குரிய இசட் பெறுமானம் கிடைக்கும். மூன்று பாடங்களின் பெறுமானங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதே இறுதி இசட் புள்ளி.

விளக்கத்திற்காகச் சில கற்பனை எண்களைக் கொள்ளலாம். ஓர் ஆண்டில் பௌதிகவியலின் இடை 40, நியம விலகல் 16. இரசாயனவியலின் இடை 45, நியம விலகல் 15. இணைந்த கணிதத்தின் இடை 35, நியம விலகல் 20 என வைத்துக்கொள்வோம்.

முதலாம் மாணவி பௌதிகவியலில் 64, இரசாயனவியலில் 72, இணைந்த கணிதத்தில் 65 புள்ளிகள் பெறுகின்றார். மொத்தம் 201. அவருடைய பாடவாரியான இசட் பெறுமானங்கள் முறையே 1.5, 1.8, 1.5 ஆகும். இறுதி இசட் புள்ளி 1.6000.

இரண்டாம் மாணவர் பௌதிகவியலில் 76, இரசாயனவியலில் 60, இணைந்த கணிதத்தில் 65 புள்ளிகள் பெறுகின்றார். மொத்தம் அதே 201. அவருடைய பெறுமானங்கள் 2.25, 1.0, 1.5. இறுதி இசட் புள்ளி 1.5833.

ஏ தரத்திற்கு 75 புள்ளியும் பி தரத்திற்கு 65 புள்ளியும் வேண்டும். ஆகவே முதலாமவருக்குக் கிடைப்பது இரண்டு பி, ஒரு சி. இரண்டாமவருக்குக் கிடைப்பது ஏ, பி, சி ஒவ்வொன்று. சித்தித் தரத்தைப் பார்ப்பவர் இரண்டாமவரே முன்னிலையில் இருப்பதாக நினைப்பார். இசட் புள்ளியில் முன்னிற்பவர் முதலாமவர்.

இதே எண்களின்படி இரசாயனவியலில் கூடுதலாகப் பெறும் ஒரு புள்ளி இறுதி இசட் புள்ளியை 0.0222 அளவு உயர்த்தும். இணைந்த கணிதத்தில் அது 0.0167 அளவு உயர்த்தும். மேற்படி இரு மாணவருக்கும் இடையிலான இடைவெளியும் ஒரு புள்ளிக்குச் சமமான இந்த 0.0167தான். பல்தேர்வு வினா ஒன்றை அவசரத்தில் தவறவிடுவது எவ்வளவு பெறுமதியானது என்பது இதிலிருந்து தெரியும்.

இடையைவிடக் குறைவான புள்ளி பெற்றால் இசட் பெறுமானம் மறைக்குறியுடன் வரும். மறைப்பெறுமானம் வந்தால் சித்தியடையவில்லை என்று சிலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று. அந்தப் பாடத்தில் சராசரிக்குக் கீழே நிற்கின்றார் என்பதே அதன் பொருள். சித்தி பெற்ற ஒருவருக்கும் மறைப்பெறுமானம் வரலாம்.

வெட்டுப்புள்ளி

ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் இசட் புள்ளியே அந்தக் கற்கைநெறியின் வெட்டுப்புள்ளி எனப்படும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதனைக் கற்கைநெறி வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் வெளியிடுகின்றது. இது முன்கூட்டியே நிர்ணயிக்கப்படும் எல்லை அன்று. இடங்கள் நிரம்பிய பின்னரே தெரியவரும் எண். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி ஒரு மதிப்பீட்டுக்கு உதவுமே தவிர, இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது. தெரிவானவர்களில் சிலர் பதிவு செய்யாமல் விடும்போது வெற்றிடங்கள் நிரப்பப்படுவதால், முதலில் வெளியான வெட்டுப்புள்ளி பின்னர் குறைவதும் உண்டு.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகின்றது. மீதி 5 வீதம் கல்வி வசதிகளில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகின்றது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கு மாகாணத்தின் மூன்று மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் இப்பட்டியலில் அடங்கும். கலைத்துறை உள்ளிட்ட சில கற்கைநெறிகளுக்குத் தனியான விதிகள் உள்ளன.

இதன் விளைவாக ஒரே இசட் புள்ளி பெற்ற இருவரில் ஒருவருக்கு மருத்துவம் கிடைக்கவும், வேறொரு மாவட்டத்தைச் சேர்ந்த மற்றவருக்குக் கிடைக்காமற் போகவும் இடமுண்டு. மூன்று ஏ பெற்றும் மருத்துவ பீடத்திற்குத் தெரிவாகாத மாணவர் போட்டி மிகுந்த மாவட்டங்களில் காணப்படுவது இதனாலேயே.

1970களின் தரப்படுத்தலும் இசட் புள்ளியும்

தமிழ் வாசகரிடையே தரப்படுத்தல் என்ற சொல் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட அனுமதிக் கொள்கையையே நினைவூட்டும். அக்கொள்கையின்படி மொழிமூல அடிப்படையில் புள்ளிகள் சரிசெய்யப்பட்டன. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் சிங்கள மொழி மூல மாணவரைவிட அதிக புள்ளி பெற வேண்டியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாண இளைஞரிடையே இது ஏற்படுத்திய அதிருப்தி பிற்கால அரசியலில் ஆழமான பாதிப்பை ஏற்படுத்தியது.

இசட் புள்ளியும் புள்ளியியல் நோக்கில் ஒரு தரப்படுத்தல்தான். எனினும் அது மொழிமூலத்தைக் கருத்திற் கொள்வதில்லை. மூன்று மொழிகளிலும் ஒரு பாடத்திற்குத் தோற்றிய அனைவரும் ஒரே தொகுதியாகவே கணிக்கப்படுகின்றனர். 1970களிலிருந்து வடிவம் மாறித் தொடர்வது மாவட்ட ஒதுக்கீடு மட்டுமே.

2011ஆம் ஆண்டுப் பிணக்கு

2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தின் கீழ் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தின் கீழ் மற்றொரு பகுதியினரும் தோற்றினர். இரு சாராரும் எழுதியவை வெவ்வேறு வினாத்தாள்கள். அவ்வாறிருந்தும் அவர்களுடைய இசட் புள்ளிகள் கணிக்கப்பட்ட முறை நியாயமற்றது என்று மாணவர் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. 2012இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம், இரு சாராரையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு இசட் புள்ளிகளை மீளக் கணிக்குமாறு உத்தரவிட்டது. யாருடன் ஒப்பிடப்படுகின்றார் என்பது மாறினால், ஒருவரின் விடைத்தாளில் ஒரு புள்ளியும் மாறாமலே அவருடைய நிலை மாறும் என்பதை இவ்வழக்கு தெளிவாக்கியது.

காத்திருப்புக் காலம்

பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நடைபெற்றது. பெறுபேறுகள் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியாகின. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கிய சில நாட்களில் கடும் மழை, வெள்ளம் காரணமாக இடைநிறுத்தப்பட்டு டிசெம்பரில் தொடர்ந்தது. பெறுபேறுகள் 2025 ஏப்ரலில் வந்தன.

இக்காலத்தில் பல மாணவர் தனியார் வகுப்பு ஆசிரியர்கள் வெளியிடும் விடைகளுடன் தம் விடைகளை ஒப்பிட்டுப் புள்ளி கணிக்கின்றனர். அவ்வாறு தம் புள்ளியை ஓரளவு ஊகிக்க முடிந்தாலும் இசட் புள்ளியை ஊகிக்க முடியாது. அதற்கு வேண்டிய இடையும் நியம விலகலும் நாடு முழுவதிலும் உள்ள விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்னரே உருவாகின்றன. வினாத்தாள் கடினமாக இருந்தது என்பதும் தனியொருவருக்குப் பாதகமானது அன்று. எல்லோருக்கும் கடினமாக இருந்தால் இடை குறையும். குறைந்த புள்ளிக்கும் நல்ல இசட் பெறுமானம் கிடைக்கும். ஒரு வினாத்தாள் சரியாக அமையவில்லை என்று கலங்கி அடுத்த வினாத்தாளைக் கைவிடுவதே உண்மையான இழப்பாகும்.

மீள்பரிசீலனையும் மீண்டும் தோற்றுதலும்

பெறுபேறு வெளியான பின் விடைத்தாள்களை மீள்பரிசீலனை செய்யுமாறு பரீட்சைத் திணைக்களத்திற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான இறுதித் திகதியைத் திணைக்களம் அறிவிக்கும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் பெரிய வேறுபாடு உள்ள பாடத்திலும், வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்கும் நிலையிலும் இது பயனுள்ளது.

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் வரை பரீட்சைக்குத் தோற்றலாம். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகவே கணக்கிலெடுக்கப்படும். ஓர் ஆண்டில் பெற்ற இரசாயனவியற் பெறுபேற்றை மற்றோர் ஆண்டின் உயிரியல் பெறுபேற்றுடன் சேர்க்க முடியாது. ஆகவே மீண்டும் தோற்றுபவர் தவறிய பாடத்தை மட்டும் படித்தால் போதாது. மூன்றையும் மீண்டும் ஆயத்தப்படுத்த வேண்டும். இதற்கு ஓர் ஆண்டைச் செலவிடலாமா என்பதை முடிவு செய்யும்போது, வெட்டுப்புள்ளிக்கும் தம் இசட் புள்ளிக்கும் இடையிலான தூரம் எத்தனை புள்ளிகளுக்குச் சமம் என்று பார்ப்பது உதவும். 0.05 என்பது இரண்டு மூன்று புள்ளிகளால் நிரப்பக்கூடியது. 0.8 என்பது படிக்கும் முறையையோ தெரிவு செய்த இலக்கையோ மாற்ற வேண்டிய இடைவெளி.

ஏனைய வழிகள்

அரச பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகாதவர்களுக்கும் உயர்கல்வி வழிகள் உண்டு. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்துகொண்டே பட்டம் பெற வழி செய்கின்றது. பல பல்கலைக்கழகங்கள் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகின்றன. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமாவும், தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஆசிரியப் பயிற்சியும் பெறலாம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்கள் ஏழு மட்டங்களைக் கொண்டவை. ஏழாம் மட்டம் பட்டத்திற்கு நிகரானது.

பெறுபேறு வெளியாகும் நாட்களில் மாணவர் சிலர் கடுமையான மனவுளைச்சலுக்கு ஆளாகின்றனர். உறக்கமின்மை, உணவை மறுத்தல், எவருடனும் பேசாதிருத்தல், உயிர் வாழ்வதில் பயனில்லை என்று சொல்லுதல் போன்றவற்றை வீட்டார் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. இலங்கையில் 1926 என்ற இலக்கத்தை அழைத்து தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனையைப் பெறலாம். எத்தனை ஏ என்று கேட்பதற்கு முன் பிள்ளை சாப்பிட்டதா, உறங்கியதா என்று கேட்பது அந்நாட்களில் வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.