உஷார்! முட்டிவலி ஜாமு மூளைச் சுரப்பியையே முடக்கும்

வீட்டில் பசார் மாலாமில் வாங்கிய ஜாமு இருக்கிறதா? சாப்பிட்ட இரண்டே நாளில் முட்டிவலி பறந்துவிட்டதா? பயப்படுங்கள். ஆனால் பயத்தில் டப்பாவைக் குப்பையில் வீசிவிடாதீர்கள்! காரணம் சொல்கிறேன், கடைசிவரை படியுங்கள்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஓர் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை, முட்டி வீங்கிக்கொண்டது. கூட வேலை செய்தவர் ஒரு கேப்சூல் பாக்கெட்டைக் கொடுத்தார். நூறு விழுக்காடு மூலிகையாம். வலி போனது, பசி வந்தது, முகம் உருண்டது. "சதை போட்டு நல்லா இருக்கீங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். அடுத்த சில மாதங்களில் வயிறு பெருத்தது, கைகால் மெலிந்தது, லேசாக இடித்தாலே தோல் கன்றியது. இனிப்புநீரும் வந்து சேர்ந்தது.

மகளுக்குச் சந்தேகம். மருந்தை ஒரேயடியாக நிறுத்தினாள். சில நாளில் அம்மாவுக்கு ஓயாத வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. இரத்த அழுத்தம் சரிந்து, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சாப்பிட்டதால் வந்தது பாதி ஆபத்து. சட்டென்று நிறுத்தியதால் வந்தது மீதி!

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு அதுதான் கட்டளை போடுகிறது. அவை கார்ட்டிசால் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், அதிர்ச்சி எது வந்தாலும் உடம்பைத் தாங்குவது அந்தக் கார்ட்டிசால். கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து தினமும் உள்ளே போனால் பிட்யூட்டரி கட்டளை போடுவதை நிறுத்திவிடும். வேலையில்லாத அட்ரினல் சுருங்கிப் போகும். திடீரென்று மருந்தை விட்டால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. உயிரே போகலாம். தூங்கிப்போன சுரப்பி விழிக்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும்.

மூலிகையில் ஸ்டீராய்டு எங்கே வந்தது? கலக்கிறார்கள்! வலிக்கென்று விற்கும் ஜாமு, மாஜுன்களில் டெக்ஸாமெத்தசோன் கண்டுபிடிக்கப்பட்டதாக மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் கெட்ட மருந்து அல்ல. கோவிட் காலத்தில் எத்தனையோ உயிரைக் காத்தது. டாக்டர் அளந்து கொடுத்தால் மருந்து. பாக்கெட்டில் ஒளித்து விற்றால் விஷம்.

முகம் நிலாவாக உருள்கிறதா? பிடரியில் கொழுப்புத் திரள்கிறதா? வயிற்றில் ஊதா நிறக் கோடுகள்? உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லையா? கிளினிக்குக்குப் போங்கள். எந்த மருந்தும் சாப்பிடாதவருக்கு இதெல்லாம் வந்தால் இன்னும் உஷார்! பிட்யூட்டரியிலேயே கட்டி இருக்கலாம். 1912-இல் இந்த நோயை விவரித்த அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங்கின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சுரப்பியில் வரும் கட்டிகள் வேறு விதமாகவும் காட்டும். பிள்ளை பெறாமலே பால் சுரக்கும், மாதவிடாய் நிற்கும், மோதிரமும் செருப்பும் இறுகும், பக்கவாட்டுப் பார்வை மங்கும். "வயசாச்சு" என்று தள்ளிவிடாதீர்கள்.

வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளுக்குப் பின் எட்டு இலக்கம், கடைசியில் 'டி' இருக்கும். பாதுகாப்பு ஹோலோகிராமும் ஒட்டியிருக்கும். எண்ணையும் போலியாக அச்சடிப்பார்கள். அதனால் மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் பழைய முட்டிவலியைப் போக்கும் மூலிகை எதுவும் இல்லை. எண் இருந்தாலும் அந்த வேகத்தை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா? நீங்களாக நிறுத்த வேண்டாம். பாக்கெட்டோடு இன்றே அரசாங்கக் கிளினிக்குக்கோ பந்திங், கிள்ளான் மருத்துவமனைக்கோ போங்கள். வெட்கப்படாமல் காட்டுங்கள், டாக்டர் திட்டினால் திட்டட்டும். காலையில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மாற்று மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். ஆபரேஷன் என்றாலும் சரி, கடும் காய்ச்சல் என்றாலும் சரி, இந்த மருந்து சாப்பிட்டதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.